சன்னாசி அளந்த கிளைக்கோல்

கேகாலையில் நான் வேலை பார்க்கும் கல்வி அலுவலகத்துக்குக் காலை எட்டரை மணிக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தால் சன்னாசியின் மகள் செல்வி.

"சேர், அப்பா போயிட்டாருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போக சட்டைய மாட்டுனாரு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மோசமான கேள்வி என்று உறைத்தது. அவள் அழுகையை நிறுத்தி, "ஆறே முக்கால் இருக்குங்க. ஏன் சேர்?" என்றாள். அவளுடைய அப்பாவும் நானும் பதினான்கு வருடமாக ஒருவரை ஒருவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியே அதுதான். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அப்போது எத்தனை பாகை, மழை பெய்ததா?

கஹவத்தைப் பக்கத்தில் அவரை 'இஞ்சின் சன்னாசி' என்றால் தெரியாதவர்கள் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையின் டீசல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், சாமிக்கு மேளம் அடித்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருடைய அளவுக் கொப்பியைப் பற்றித் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டீர்கள். ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கஹவத்தையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் பாடசாலை விட்டபின் ஆய்வுகூடத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கையில் ஒரு வாளி, அதற்குள் ஒரு போத்தல்.

"சேர், சூடு அளக்கிற கண்ணாடி ஒண்ணு இரவல் தருவீங்களா? ஒடைக்க மாட்டேன்."

"வெப்பமானியோ? என்னத்துக்கு?"

"இஞ்சினுக்கு ஊத்துற கூலன்ட்டும் தண்ணியும் கலந்தா வாளி சுடுதுங்க. அடுப்பில வைக்கல்ல, வெயில்லயும் வைக்கல்ல. ரெண்டும் பச்சத் தண்ணிதான். சூடு எங்க இருந்துங்க வருது?"

எனக்குப் பதில் தெரியும். இயந்திரத்தைக் குளிர்விக்க ஊற்றும் அந்தப் பச்சைத் திரவத்தில் பெரும்பகுதி எதிலீன் கிளைக்கோல். அதன் மூலக்கூறுகள் நீரின் மூலக்கூறுகளோடு பிணையும்போது வெப்பம் வெளிவரும். கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வாளியைத் தொட்டுப் பார்த்தவன் அல்ல. அவர் அங்கேயே இரண்டையும் கலந்தார். வெப்பமானி ஆறு பாகைக்கு மேல் ஏறியது. நான் கையை வாளிக்குள் விட்டேன். உண்மையாகவே இளஞ்சூடு.

"இன்னொண்ணும் இருக்குங்க. ஒரு போத்தல் இதையும் ஒரு போத்தல் அதையும் ஊத்துனா ரெண்டு போத்தல் வர மாட்டேங்குது. கொஞ்சம் கொறையுது. சிந்தவும் இல்ல."

அதையும் அளந்தோம். அரை லீற்றரும் அரை லீற்றரும் சேர்ந்து ஆறியபின், ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி குறைவாக நின்றது. "எங்க போச்சு?" என்று வாளிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றின் இடுக்குக்குள் மற்றது நெருங்கி உட்கார்ந்துகொள்கிறது என்றேன். "பஸ்ஸில கொண்டக்டர் தள்ளித் தள்ளி ஏத்துற மாதிரியா?" என்றார். அந்த உவமையை அடுத்த நாளே வகுப்பில் பயன்படுத்தினேன். யாருடையது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் வருவார். எங்களிடம் பெரிய கருவிகள் இல்லை. ஒரு தராசு, பியூரெட் எனும் ஓர் அளவுக்குழாய், இரண்டு வெப்பமானி. அவர் ஒரு பழைய பிளாஸ்க்கின் மூடியைத் துளைத்து, தண்ணீர் சூடாக்கும் சுருளை அதற்குள் இறக்கி, இரண்டு வயரை வெளியே எடுத்தார். ஒரே நிறை தண்ணீர், ஒரே நிறை கிளைக்கோல், ஒரே நேரம் மின்சாரம். தண்ணீர் பத்துப் பாகை ஏறும் நேரத்தில் கிளைக்கோல் பதினேழு பாகை ஏறியது. அதாவது வெப்பத்தைச் சுமக்கும் திறன் அதற்குக் குறைவு. சன்னாசி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கூலன்ட் சூட்ட அதிகமா இழுக்கும்னு சொல்றது பொய்யா?" என்று கேட்டார். கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும், ஆனால் சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் வல்லது என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிடைத்த பழைய கொப்பி அது. தேதி, மணி, பாகை, மழை உண்டா இல்லையா என்று நான்கு நிரல்கள். மழை எதற்கு என்று கேட்டேன். "தெரியல்லீங்க. இருக்கட்டும்" என்றார்.

பிறகு பாகுமையை, அதாவது திரவத்தின் தடிப்பை, அளந்தோம். பியூரெட்டில் ஒரே அளவு திரவத்தை நிரப்பி, அது வடிந்து முடிய எத்தனை விநாடி என்று பார்ப்பதுதான் முறை. தண்ணீருக்கு ஒரு புள்ளி, தனிக் கிளைக்கோலுக்கு ஒரு புள்ளி. இடையில் உள்ள கலவைகள் இந்த நேர்கோட்டில்தான் விழும் என்று வரைபுத்தாளில் கோடு போட்டுக் காட்டினேன். விழவில்லை. எல்லாப் புள்ளிகளும் கோட்டுக்குக் கீழே கிடந்தன.

"சேரோட கோடு நேராப் போகுது. புள்ளி துணி காயப்போட்ட கயிறு மாதிரி தொய்யுதுங்களே" என்றார்.

வீட்டுக்குப் போயும் எனக்கு அதே நினைப்பு. விநாடிகளுக்கு மடக்கை எடுத்து வரைந்து பார்த்தேன். தொய்வு அநேகமாக மறைந்து புள்ளிகள் நேராக நின்றன. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நான் சிறுவனைப் போலக் காத்திருந்தேன். அவர் வரைபைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கயிறு நேராகிறதுக்காக நீங்க ஏன் அளவுகோல மாத்துனீங்க?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்கும் திருப்தி தரவில்லை, எனக்கும் தரவில்லை.

எங்களுக்குள் ஒரு தடவை சண்டையும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் அளந்த கிளைக்கோல், முந்திய மாதத்தை விட வேகமாக வடிந்தது. சூடு ஏறுவதும் குறைந்திருந்தது. "நீங்கள் பிழையா வாசிச்சிருக்கிறீங்கள்" என்றேன். "இல்லீங்க" என்றார். "அப்ப மணிக்கூடு பிழையோ?" என்றேன் சற்று ஏளனமாக. அவர் முகம் சிறுத்தது. "அளவு பொய் சொல்லாதுங்க சேர். நாமதான் என்னமோ செஞ்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் கொப்பியோடு வந்து மழை நிரலைக் காட்டினார். தொடர்ந்து பன்னிரண்டு நாள் மழை. நான் கிளைக்கோல் டப்பாவின் மூடியைச் சரியாக இறுக்காமல் யன்னலோரம் வைத்திருந்தேன். கிளைக்கோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் கேட்க வேண்டுமா? அது நான் படித்த பாடம். கண்டுபிடித்தவர் அவர்.

இதெல்லாம் ஆர்வத்துக்காகச் செய்த வேலை. அடுத்து வந்த மின்வெட்டுக் காலத்தில் நிலைமை மாறியது.

தொழிற்சாலை அப்போது முழுக்க முழுக்க அவருடைய இயந்திரத்தில்தான் ஓடியது. ஒரு நாள் மத்தியானம் அது இறுகி நின்றுவிட்டது. அளவுக்கு மீறிச் சூடேறி உள்ளே உலோகம் உலோகத்தைக் கடித்துவிட்டது. கொழுந்தை வாட்டும் விசிறிகள் நின்றன. அன்றைய கொழுந்து முழுவதும் கறுத்துப் பழுதாகியது. தோட்ட நிர்வாகியான பெரிய துரை சன்னாசியை வேலையிலிருந்து இடைநிறுத்தினார். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போகும்.

அன்று காலைதான் இயந்திரத்துக்குப் புதிதாகக் கூலன்ட் ஊற்றியிருந்தார்கள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், "தண்ணி கலக்காதே, அப்படியே ஊத்து, அதுதான் நல்லது" என்று சொல்லியிருந்தார். அவர் ஓப்பநாயக்கப் பக்கத்துச் சிங்களவர். சன்னாசிக்கும் அவருக்கும் ஏற்கனவே ஆகாது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் இதைப் பிடித்துக்கொண்டார். டீமேக்கர் சொன்னபடிதானே செய்தான், அவர் குற்றத்துக்கு நம்ம ஆள் தலையா என்று கூட்டம் போட்டார். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் ஒரு தமிழ்த் தொழிலாளியும் ஒரு சிங்கள உத்தியோகத்தரும் என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

சன்னாசி என்னிடம் வந்தார். "தனிக் கூலன்ட் தண்ணியவிட மோசம்னு நாம அளந்து வச்சிருக்கோம்ல சேர். துரைக்கு அத எழுதிக் கொடுக்கணும். ஆனா போத்தல்ல அளந்தது பத்தாது. இஞ்சின்ல அளந்து பார்க்கணும்."

தொழிற்சாலையின் பின்னால் தண்ணீர் இறைக்கும் பழைய சிறிய இயந்திரம் ஒன்று கிடந்தது. அதில் செய்து பார்க்கத் துரை அனுமதித்தார். சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் பிளாஸ்க், வெப்பமானிகள், ஒரு போத்தல் கிளைக்கோல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பையில் மூடியிலிருந்து இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்க். பார்த்தால் வெடிகுண்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"மேக்க மொகத?" என்று கேட்டான் இளம் சிப்பாய். இது என்ன என்று அர்த்தம். எனக்கு அப்போது சிங்களம் வராது. சன்னாசியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் போத்தலைத் திறந்து முகர்ந்தான். ஒரு விரலில் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனான். சன்னாசி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எப்பா! வஹ!"

வேண்டாம், விஷம் என்கிறார். பக்கத்தில் நின்றவனின் துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது. சன்னாசி கையை விடவில்லை. சரளமான சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். இது இயந்திரத்துக்கு ஊற்றுவது, இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், உன் அம்மா உன்னைத் தேடுவாள், முதலில் விரலைத் துடை என்றார். பிறகு, சந்தேகமாக இருந்தால் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவா என்றார். ஒரு தகரக் குவளை வந்தது. கிளைக்கோலைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, அவன் கையைக் குவளையின் மேல் வைத்தார்.

"ரஸ்னெய்!" என்றான் அவன். சுடுகிறது! மற்றவனும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து தொட்டுப் பார்த்தான். ஏன் சுடுகிறது என்று இருவரும் கேட்டார்கள். சன்னாசி என்னைக் காட்டி, "சேர்தான் சொல்லணும்" என்றார். நான் தமிழில் சொல்ல அவர் சிங்களத்தில் சொன்னார். பஸ் எங்களுக்காகக் காத்திருந்தது.

தோட்டத்தில் சிறிய இயந்திரத்தைப் பாதிக்குப் பாதி கலவையில் முதலில் ஓட்டினோம். எண்பது பாகையில் நின்றது. அதை வடித்துவிட்டுத் தனிக் கூலன்ட் ஊற்றினோம். ஊற்றி முடித்ததும் சன்னாசி இயந்திரத்தின் தலைப்பகுதி உச்சியில், உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடும் சிறிய திருகைக் கழற்றினார். புஸ்ஸென்று காற்று வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீராக இருந்தால் காற்று தானாக மேலே ஏறிப் போய்விடும். இந்தத் தடித்த திரவம் அதை அடைத்து வைத்திருந்தது. கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. ஓட்டிப் பாப்போம்."

இயந்திரத்தின் சூட்டு மானி தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று ஏறியது. அங்கேயே நின்றது. மத்தியானம் வரை ஓடியும் அதற்கு மேல் ஏறவில்லை. டீமேக்கர் சொன்ன முறை தவறுதான், ஆனால் ஓர் இயந்திரத்தை இறுக வைக்கும் அளவு தவறு அல்ல.

அவர் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி வடித்து மறுபடி நிரப்பினார். இந்தத் தடவை திருகைத் திறக்கவில்லை. சில நிமிடம் ஓடியது. மானி அறுபதைக் காட்டியது. அவர் தலைப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொய்யென்று துள்ளி மறைந்தது. உடனே நிறுத்தினார். மானியின் முனை காற்றுக்குள் நிற்கிறது, கீழே உலோகம் வேகிறது, மேலே மானி எல்லாம் சரி என்கிறது.

"அன்னைக்கு நான் இந்தத் திருகத் தொறக்கல்லீங்க சேர்" என்றார். "மறந்துட்டேன். இப்பதான் ஞாபகம் வருது."

அவர் வீட்டில் உட்கார்ந்து துரைக்குக் கடிதம் எழுதினோம். அவர் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் இரண்டு பக்கமும் எங்கள் அளவுகள். தனிக் கிளைக்கோல் வெப்பத்தைக் குறைவாகச் சுமக்கும், தடிப்பாக ஓடும், இயந்திரத்தைக் கூடுதலாகச் சூடாக்கும். மூன்றாவது பக்கத்துக்கு வந்ததும் நான் பேனையை வைத்தேன்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "இதோட முடிப்பம். திருகு விசயத்தை விடுங்கோ. நாங்கள் எழுதினதில ஒரு சொல்லும் பொய் இல்லையே" என்று சொன்னவன் நான். வகுப்பில் நேர்மையாக அளவெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன். அவருடைய மனைவி கன்னியம்மா அடுப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் இல்லீங்க. ஆனா பாதி" என்றார் சன்னாசி. "இந்தப் பாதியப் படிச்சா துரை டீமேக்கர வீட்டுக்கு அனுப்பிருவாரு. அந்த மனுசனுக்கும் ரெண்டு புள்ள. எனக்கு அவரப் புடிக்காதுங்கிறதுக்காக இஞ்சின் இறுகுன காரணம் மாறிருமா?"

"உங்கட வீடு போயிடுமே?"

"போகலாம். நீங்க எழுதுங்க சேர்."

எழுதினேன்.

விசாரணை நாள் நான் அலுவலகத்துக்கு வெளியே நின்றேன். முதலில் வெளியே வந்தவர் டீமேக்கர். குற்றம் சாட்டப்படுவதற்குத் தயாராகச் சென்ற மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் படியில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். சன்னாசியின் வேலை போகவில்லை. ஆனால் இயந்திர அறையிலிருந்து நீக்கி, உலர்த்தும் அடுப்புக்கு விறகு போட அனுப்பினார்கள். சங்கத் தலைவர் எல்லாருக்கும் முன்னால், "ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே!" என்று கத்தினார். கன்னியம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஆய்வுகூடத்துக்கு வந்தார். விறகுச் சிராய்ப்பு கை முழுக்க. "ஈர வெறகுக்கும் காஞ்ச வெறகுக்கும் சூட்டுல எவ்வளவு வித்தியாசம்னு அளக்கலாமாங்க?" என்றார்.

எட்டு மாதம் விறகு போட்டார். புதிய இயந்திரம் வந்தபோது, அதைப் பார்க்கச் சன்னாசிதான் வேண்டும் என்று துரையிடம் போய்க் கேட்டவர் டீமேக்கர். இருவரும் அதன் பிறகும் நண்பர்களாகிவிடவில்லை. கூலன்ட் ஊற்றும் நாளில் மட்டும் டீமேக்கர் இயந்திர அறைக்கு வந்து, வாயே திறக்காமல் பக்கத்தில் நிற்பார் என்று சன்னாசி சொல்லிச் சிரிப்பார்.

நான் கேகாலைக்கு மாற்றலாகி வந்தபின் சந்திப்பது குறைந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசி வரும். மார்ச்சில் கடைசியாகப் பேசியபோதும், கிளைக்கோலும் தண்ணீரும் கலக்கும்போது அளவு அதிகம் சுருங்குவது எந்த விகிதத்தில் என்று கேட்டார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "பாத்துச் சொல்லுங்க. நானும் அளக்கிறேன். ஒண்ணா வருதான்னு பாப்போம்" என்றார். நான் பார்க்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போனபோது மழை. லயத்து முன்றிலில் தகரம் போட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட டீமேக்கர் ஓப்பநாயக்கவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, சவப்பெட்டியைப் பார்த்தபடி சிங்களத்தில் சொன்னார். இப்போது எனக்கு அது விளங்கும். "அந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தானாமே. உங்களுக்கு நான் நன்றி சொன்னதில்லை." மூன்றாம் பக்கத்தை நான் எழுத விரும்பவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சன்னாசியிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அளவுக் கொப்பியைச் செல்வி வைத்திருக்கிறாள், அது அவளிடமே இருக்கட்டும். என்னிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. போன மாதம் ஒரு பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றி அறிக்கை எழுதினேன். எண்கள் எல்லாம் நான் எதிர்பார்த்தபடி, எனக்குப் பிடிக்காத அந்தப் பாடசாலை அதிபர் மேல்தான் பிழை என்று காட்டின. மேசையில் இருந்த அறிக்கைக் கோப்பை மூடப் போனவன் மறுபடி திறந்தேன். பாடசாலைக்கு நேரில் போய் முதலிலிருந்து எண்ணினேன். இரண்டு நிரல்களை நான் இடம் மாற்றி எழுதியிருந்தேன். நான் விரும்பியபடியே ஓர் அளவு வந்துவிட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. அந்தப் பயத்தை எனக்குத் தந்தவர் சன்னாசி. அதை வைத்துக்கொள்கிறேன்.